காட்டுப் பயணமும் காமிராவும்

"சபாரி" என்னும் சொல்லை இன்று அறியாதார் அரியர். கிழக்கு ஆப்பிரிக்க மக்கள் பேசும் சுவாகிலி மொழியில் அதற்குப் பயணம் என்பதே பொருள். அரபு மொழியில் பயணத்தைக் குறிக்கும் "சபர்" என்ற சொல்லிலிருந்து அது கிளைத்தது. அரபு வணிகரும் ஆப்பிரிக்கக் கடற்கரை மக்களும் பல நூற்றாண்டுகள் கலந்து பழகியதற்கு அச்சொல்லும் ஒரு சான்று. பின்னர் ஐரோப்பியரும் அமெரிக்கரும் துப்பாக்கி ஏந்தி அந்நாட்டுக்குச் சென்ற காலத்தில், வேட்டைப் பயணம் என்ற பொருளை அச்சொல் ஏற்றது. இன்றோ, விலங்குகளைக் கண்டும் படம் எடுத்தும் திரும்பும் பயணத்தையே பெரும்பாலும் அது குறிக்கிறது. ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு மாறியதற்குப் பின்னால் ஒரு கருவியின் வரலாறு இருக்கிறது. காமிராவின் வரலாறே அது.

காட்டுப் பயணத்துக்கு உழைக்கக்கூடிய காமிராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள். வரலாறு கற்பிப்பவனுக்குக் கடைக்காரரின் வேலை எதற்கு என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். எந்தக் கருவி உழைக்கும் என்று கடைக்காரர் சொல்வது இனி நடக்கப்போவதைப் பற்றிய சொல். எந்தக் கருவி உழைத்தது என்று வரலாறு சொல்வது நடந்து முடிந்ததைப் பற்றிய சொல். ஆப்பிரிக்கக் காடுகளுக்கும் சமவெளிகளுக்கும் காமிராவைக் கொண்டுசென்றவர்கள் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் புழுதியிலும் அதனைச் சோதித்திருக்கிறார்கள். அச்சோதனையின் முடிவுகளை அறியாமல் நாம் தேர்வு செய்வானேன்?

முதலில் செல்ல வேண்டிய ஆண்டு 1858. அவ்வாண்டில் டேவிட் லிவிங்ஸ்டன் தலைமையில் ஜாம்பெசி ஆற்றை ஆராயப் புறப்பட்ட குழுவில், படம் எடுக்கும் பொறுப்பு அவருடைய தம்பி சார்லஸிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அக்குழுவின் மருத்துவரும் தாவரநூல் அறிஞருமான ஜான் கர்க் என்பாரும் படங்கள் எடுத்தார். அடுத்து, 1861ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சாப்மன் என்பவர் தாமஸ் பெய்ன்ஸ் என்ற ஓவியருடன் தென்மேற்குக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் புறப்பட்டார். சாப்மனிடம் இரட்டைக்கண் காமிரா ஒன்று இருந்தது. பெய்ன்ஸிடம் தூரிகையும் வண்ணமும் இருந்தன. 1862இல் இருவரும் விக்டோரியா நீர்வீழ்ச்சியை அடைந்தனர். அங்கே நிகழ்ந்தது என்ன? சாப்மன் நீர்வீழ்ச்சியைப் படம் எடுக்க முயன்று தோற்றார். பெய்ன்ஸ் வரைந்தார், அவருடைய ஓவியங்கள் 1865இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. புதிய கருவி தோற்ற இடத்தில் பழைய தூரிகை வென்றது.

இத்தோல்வி சாப்மனின் திறமைக் குறைவால் நேர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. அக்காலத்து முறையை அறிந்தால் உண்மை விளங்கும். 1851இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையே அன்று வழக்கில் இருந்தது. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்ற பசைநீரை ஊற்றிப் பரப்பி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுத்து, அந்த ஈரம் இருக்கும்போதே கழுவியும் முடிக்க வேண்டும். இலண்டனில் இதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கும். ஆப்பிரிக்க வெயிலில் தகடு அதற்கு முன்பே உலர்ந்துவிடும். ஆகவே காமிராவுடன் இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடித் தகடுகள், தூய நீர் ஆகிய யாவும் செல்ல வேண்டும். கூடாரத்தின் வெப்பம், நீரில் கலந்த உப்பு, காற்றில் மிதக்கும் தூசி ஆகியவற்றுள் ஒன்று போதும், ஒரு நாள் உழைப்பைக் கெடுக்க. ஈரத்தகட்டுக் காமிராவின் மரப்பெட்டி உறுதியானதுதான். ஆயினும் படம் பெட்டியினால் மட்டும் உண்டாவதில்லை; மருந்தும் தகடும் நீரும் சேர்ந்தே படத்தை உண்டாக்குகின்றன. இத்தொடரில் மிக மெலிந்த கண்ணி எதுவோ, கருவியின் உழைப்பு அதனளவே. சாப்மனின் தோல்வி நமக்குத் தரும் முதற்பாடம் இதுவாகும். காமிராவைத் தேர்ந்தெடுக்கும்போது "இது எவ்வளவு உறுதியானது?" என்று கேட்பதைக் காட்டிலும் "இதில் முதலில் கெடுவது எது?" என்று கேட்பது நலம்.

1871இல் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டைப் பற்றி எழுதினார். சில ஆண்டுகளில் அது செம்மையுற்றுக் கடைகளுக்கு வந்தது. தகட்டை முன்கூட்டியே செய்து பெட்டியில் அடுக்கி எடுத்துச் செல்லலாம்; ஊர் திரும்பிய பின்னும் கழுவலாம். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் சுருள் படம் பொருத்திய கோடக் காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதனால் எவரும் படம் எடுக்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. ஆனால் தொலைவில் நிற்கும் சிங்கத்தை அச்சிறு பெட்டியால் எடுக்க இயலாது. நெடுந்தொலைவுக் கண்ணாடி வில்லையும், பெரிய தகடும், விரைவான திரையும் அதற்கு வேண்டியிருந்தன.

இத்தேவைகளை நிறைவு செய்ய முற்பட்டவருள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர் ஜெர்மானியரான கார்ல் ஜார்ஜ் ஷில்லிங்ஸ். ஜெர்மானியரின் ஆட்சியில் அன்றிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில் அவர் இரவு நேரத்தில் விலங்குகளைப் படம் எடுத்தார். நீருண்ண வரும் விலங்கு கயிற்றை இடறினால், மக்னீசியம் கலந்த வெடித்தூள் பற்றி எரிந்து ஒளி வீசும். அந்நொடியில் காமிராவின் திரை திறந்து மூடும். பெர்லின் நகரத்து கோயர்ஸ் நிறுவனம் செய்த கருவிகள் அவருக்குத் துணைநின்றன. 1905இல் அவர் வெளியிட்ட "மின்னொளியும் துப்பாக்கியும்" என்ற நூல் ஐரோப்பாவைப் பெரிதும் கவர்ந்தது. இருளில் சிங்கம் நடமாடுவதை வீட்டில் அமர்ந்தவாறு மக்கள் கண்டது பெரும்பாலும் அதுவே முதன்முறை. எனினும் நூலின் பெயரிலேயே துப்பாக்கியும் இடம்பெற்றிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். ஷில்லிங்ஸ் வேட்டையாடுவதை விட்டவர் அல்லர். சிங்கத்தை வரவழைக்க உயிருள்ள கழுதைகளையும் மாடுகளையும் கட்டி வைத்தவர். காமிரா வந்தவுடன் கொலை நின்றுவிட்டது என்று எவரேனும் எழுதினால், அது வரலாறு ஆகாது.

1909இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து இறங்கிய தியடோர் ரூஸ்வெல்ட், ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக விலங்குகளைச் சேகரிக்க ஆப்பிரிக்கா சென்றார். அவர் மகன் கெர்மிட் அக்குழுவின் படக்காரர். இருநூறுக்கு மேற்பட்ட சுமையாளர்கள் அப்பயணத்தில் நடந்தார்கள். அக்காலத்தில் ஒரு சுமையாளர் தலையில் வைக்கும் சுமை ஏறக்குறைய 60 ராத்தல், அதாவது 27 கிலோ எடை என்பது வழக்கு. கண்ணாடித் தகடுகளும் காமிராப் பெட்டிகளும் முக்காலிகளும் அவர்களுடைய தலைமீதே சென்றன. அவர்கள் கால் இடறினால் தகடு உடையும். அவர்கள் கவனமாக நடந்ததால் படம் பிழைத்தது. நாம் நூல்களில் கண்டு வியக்கும் படங்களின் கீழே படம் எடுத்தவரின் பெயர் உண்டு. சுமந்தவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. உழைக்கும் காமிராவைப் பற்றிப் பேசும்போது, அக்காமிராவை உழைக்கச் செய்த மனிதரை மறப்பது முறையன்று.

அதே ஆண்டில் ராட்கிளிப் டக்மோர் என்பவரும் காமிராவுடன் கிழக்கு ஆப்பிரிக்காவில் அலைந்தார். தம்மை நோக்கிப் பாய்ந்து வந்த காண்டாமிருகத்தை ஏறக்குறையப் பதினைந்து கஜத் தொலைவில் அவர் எடுத்த படம் 1910இல் வெளிவந்த அவருடைய நூலால் புகழ்பெற்றது. பாய்ந்து வரும் விலங்கின் முன்னே கருவி ஒருமுறை தயங்கினாலும் மறுமுறை என்பது இல்லை. ஆகவே காட்டில் உழைப்பு என்பது நெடுநாள் உடையாமல் இருப்பது மட்டும் அன்று; வேண்டிய நொடியில் தவறாமல் இயங்குவதும் ஆகும்.

இனி மரத்தையும் பசையையும் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். ஐரோப்பாவின் குளிர்ந்த காற்றுக்காகச் செய்யப்பட்ட காமிராக்கள் வெப்ப நாடுகளில் பல வகையில் துன்புற்றன. மழைக்காலத்து ஈரத்தில் மரம் உப்பியது. கோடையில் சுருங்கி வெடித்தது. பலகைகளை இணைத்த பசை இளகியது. துருத்தித் தோலைப் பூச்சிகள் அரித்தன. இதனைக் கண்ட ஆங்கிலக் கம்பெனியார் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் "வெப்பநாட்டுக் காமிரா" என்ற தனிவகையையே செய்து விற்றனர். சாண்டர்சன், சோஹோ ரிப்ளெக்ஸ் முதலிய காமிராக்களின் வெப்பநாட்டு வடிவங்கள் அவ்வகையின. அவற்றின் உடல் தேக்கு மரம். மூலைகள் தோறும் பித்தளைப் பட்டை. பசையை மட்டும் நம்பாமல் திருகாணிகள். துருத்திக்குச் சிவந்த ரஷ்யத் தோல். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் ஈரமும் கறையானும் அதனை எளிதில் அணுகா. நம் நாட்டிலும் பர்மாவிலும் வீட்டுத் தூணுக்கும் கப்பலுக்கும் பயன்பட்ட மரம் காமிராவுக்கும் உதவியது. அந்தத் தேக்குக் காமிராக்களுள் பல நூறாண்டு கடந்தும் மெருகு குன்றாமல் அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளரிடத்தும் இருக்கின்றன. இடத்தின் பகையை முன்னறிந்து செய்த கருவி நிலைக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

தோல்வியிலிருந்து ஒரு காமிரா பிறந்த கதையும் உண்டு. கார்ல் ஏக்லி என்ற அமெரிக்கர் விலங்கின் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளதுபோல் நிறுத்தும் கலையில் வல்லவர், சிற்பி, புதியன கண்டறிபவர். 1910ஆம் ஆண்டளவில், நந்தி இனத்து வீரர்கள் ஈட்டிகொண்டு சிங்கத்தை எதிர்க்கும் காட்சியைச் சலனப்படமாக எடுக்க அவர் முயன்றார். அந்நாளைச் சலனப்படக் காமிராவைப் பக்கவாட்டில் திருப்ப ஒரு கைப்பிடியையும், மேலும் கீழும் அசைக்க மற்றொரு கைப்பிடியையும், படச்சுருளை ஓட்ட வேறொரு கைப்பிடியையும் சுற்ற வேண்டியிருந்தது. காமிராவை நிறுத்திக் குறி பார்ப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. வெறுங்கையுடன் திரும்பிய ஏக்லி வேறு காமிராவைத் தேடிக் கடைக்குச் செல்லவில்லை; தாமே ஒன்றைச் செய்யத் தொடங்கினார்.

1915இல் உரிமை பெற்ற ஏக்லி காமிரா வட்ட வடிவமானது; அமெரிக்கர் அதனை விளையாட்டாக அடைப் பலகாரத்தின் பெயரால் அழைத்தனர். ஒரே கையால் எப்பக்கமும் வழுவழுவென்று திரும்பும் முக்காலித் தலை அதன் சிறப்பு. படம் எடுக்கும் வில்லையும் பார்க்கும் வில்லையும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்திருந்தன. ஆதலால் காண்பதே படமாகும். படச்சுருளை நொடியில் மாற்றலாம். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் அதனைப் பயன்படுத்தினர். 1922இல் வெளிவந்த "நானூக்" என்ற வடதுருவப் படத்துக்கு ராபர்ட் பிளாகர்ட்டி கொண்டுசென்றதும் அதுவே. ஆப்பிரிக்க வெயிலுக்காகச் செய்த கருவி பனிப்பாலையிலும் உழைத்தது!

1921இல் ஏக்லி அக்காமிராவை மைக்கீனோ மலைச்சாரலுக்கு எடுத்துச் சென்றார். இன்றைய காங்கோ நாட்டின் கிழக்கெல்லையில் உள்ளது அம்மலை. அங்கே, காட்டில் உரிமையுடன் உலவும் கொரில்லாக்களை முதன்முதலாகச் சலனப்படமாக எடுத்தார். அருங்காட்சியகத்துக்காகச் சில கொரில்லாக்களைச் சுட்டவரும் அவரே. ஆயினும் கொன்றவரின் மனத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கொரில்லா கொடிய விலங்கு என்று உலகம் நம்பியிருந்தபோது, அது அமைதியான உயிர், விரைவில் அழியக்கூடிய உயிர் என்று அவர் எழுதியும் பேசியும் வந்தார். பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட்டுக்கு இக்கருத்து எட்டியது. 1925இல் ஆல்பர்ட் தேசியப் பூங்கா அமைந்தது. அடுத்த ஆண்டே ஏக்லி மீண்டும் அம்மலைக்குச் சென்றபோது அங்கு இறந்து, அம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச் சென்ற வட்டக் காமிரா பின்னும் பல ஆண்டுகள் உழைத்தது.

அதனைக் கையாண்டவருள் மார்ட்டின் ஜான்சனும் அவர் மனைவி ஓசாவும் புகழ் பெற்றவர்கள். 1924 முதல் 1927 வரை வடகென்யாவின் மார்சபிட் மலையில், தாங்கள் பேரடைஸ் என்று பெயரிட்ட ஏரியின் கரையில் அவர்கள் வாழ்ந்தனர். அங்கேயே இருட்டறை கட்டிப் படச்சுருளைக் கழுவினர். ஊருக்கு அனுப்பிக் கழுவினால் ஆகாதா என்று கேட்கலாம். ஒளிபட்ட சுருளில் உருவம் மறைந்து கிடக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து அதனை நாளுக்கு நாள் மங்கச் செய்யும். கழுவுவதிலும் தொல்லை உண்டு. சுருளின்மேல் பூசிய ஜெலட்டின் 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரில் நல்லபடி இருக்கும். நீர் மிகச் சூடேறினால் உப்பி, இளகி, சில வேளைகளில் வழிந்தே போய்விடும். இதனைத் தடுக்க மருந்தில் சோடியம் சல்பேட்டைச் சேர்ப்பதும், படிகார வகைகளால் ஜெலட்டினை இறுகச் செய்வதும் வெப்பநாட்டு முறைகள். ஜான்சன் தம்பதியரின் படங்கள் உலகெங்கும் ஓடின. ஆனால் விலங்குகளைச் சீண்டிப் பாயச் செய்து எடுத்த காட்சிகளும், ஆப்பிரிக்க மக்களை ஏளனமாகக் காட்டிய பகுதிகளும் அவற்றுள் உண்டு. கருவி பழுதின்றி இயங்கினாலும் அதன் பின்னே நிற்பவரின் பார்வை பழுதுபடலாம் என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

1925இல் லைப்சிக் கண்காட்சியில் லைக்கா என்ற சிறு காமிரா வெளிவந்தது. ஆஸ்கர் பார்னாக் என்ற பொறியாளர் சலனப்படச் சுருளையே பயன்படுத்தி அதனை அமைத்திருந்தார். கையடக்கமான உலோக உடலில் முப்பத்தாறு படங்கள்! கண்ணாடித் தகடு மறைந்தது. அதைச் சுமந்த தலைகளின் பாரமும் குறைந்தது. ஆயினும் அதன் திரை ரப்பர் பூசிய துணி. வில்லையை மூடாமல் வெயிலை நோக்கி வைத்தால், பூதக்கண்ணாடி வைக்கோலை எரிப்பதுபோல் கதிரவன் அத்திரையில் துளையிட்டுவிடுவான். தவிரவும், நெடுந்தொலைவு வில்லைக்கு அதன் குறிகாணி ஏற்றதன்று. வில்லை காண்பதையே கண்ணும் காண உதவும் ரிப்ளெக்ஸ் காமிராக்கள் அக்குறையைத் தீர்த்தன. 1936இல் டிரெஸ்டனிலிருந்து சிறு படச்சுருளுக்குரிய எக்ஸாக்டா வந்தது. 1959இல் ஜப்பானிலிருந்து நிக்கான் எப் வந்தது. டைட்டானியத் தகட்டால் ஆன திரையும், மின்கலம் இன்றி இயங்கும் பொறியும், வகைவகையான வில்லைகளும் கொண்ட அக்காமிரா போர்க்களம் முதல் காடு வரை உழைத்துப் பெயர் பெற்றது.

புகழ்பெற்ற கருவியும் முதலில் இடறக்கூடும் என்பதற்கு ஹாசல்பிளாட் சான்று. சுவீடன் நாட்டு விக்டர் ஹாசல்பிளாட் இளமை முதல் பறவைகளைப் படம் எடுத்தவர். 1948இல் அவர் வெளியிட்ட முதற் காமிராவின் திரைப்பொறி மிக நுட்பமானது. அதனாலேயே அடிக்கடி பழுதுபட்டது. அவர் அதனைக் கைவிட்டு, 1957இல் ஒவ்வொரு வில்லையினுள்ளும் எளிய இதழ்த் திரையை வைத்துப் புதிய காமிராவைச் செய்தார். ஐந்து ஆண்டு கழித்து வால்டர் ஷிரா என்ற விண்வெளி வீரர் அக்காமிராவை விண்ணுக்கே எடுத்துச் சென்றார். வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்து உழைப்பைப் பெற்றதே அம்மாற்றத்தின் உட்பொருள்.

நம் நாட்டிலும் இத்துறையில் வல்லவர்கள் இருந்தார்கள். சிவாலிக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த சாம்பியன் என்பவர் இடறுகயிறும் ஒளிவெடியும் கொண்டு புலிகளை எடுத்து 1927இல் நூல் வெளியிட்டார். தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணனை அறியாத இயற்கை அன்பர் இரார். "பத்மாவதி சரித்திரம்" எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் அவர். 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்த கனமான காமிராவுக்கு "சூப்பர் பாண்டரோசா" என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, அதனைக் கொண்டே யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். தம் கருவியின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்தவனுக்கு அது காட்டில் எளிதில் கைகொடுக்கும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

இன்று நாம் வாழ்வது எண்முறைக் காமிராவின் காலம். 1975இல் கோடக் கம்பெனிப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் எண்முறைக் காமிராவைச் செய்தார். அக்கம்பெனியே 2012இல் நொடிப்பு மனுக் கொடுக்கும்படி காலம் மாறியது. ஜெலட்டின் இளகும் அச்சம் போயிற்று. அதன் இடத்தில் இரண்டு புதிய அச்சங்கள் வந்துள்ளன. ஒன்று மின்கலம், அது தீர்ந்தால் விலையுயர்ந்த காமிராவும் வெறும் கல். மற்றொன்று புழுதி. வில்லையைக் கழற்றும்போது ஒளியுணரும் தகட்டின்மீது தூசி படிந்தால், பின்னர் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அது கரும்புள்ளியாகத் தோன்றும்.

கென்யாவிலுள்ள அம்போசெலிச் சமவெளியில் நான் சில நாள் தங்கியிருக்கிறேன். மாசாய் மக்களின் மொழியில் உவர்ப்புழுதி நிலம் என்று பொருள்படும் பெயர் அது. பெயருக்கேற்ப அங்குள்ள மண் மாவுபோல் மென்மையானது. யானைக் கூட்டம் நடந்தால் அவற்றின் முழங்கால் வரை வெண்புகை எழும். எங்களுடன் வந்த நண்பர் ஒருவர் வண்டியின் கூரைத் திறப்பில் நின்றவாறே நாளுக்குப் பலமுறை வில்லையை மாற்றினார். மூன்றாம் நாள் அவருடைய வில்லையின் வளையம் அரைபடும் ஓசையுடன் நின்றுவிட்டது. எங்கள் வண்டியோட்டியான மாசாய் இளைஞரோ, தம் பழைய காமிராவைச் சிவப்புத் துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பார். படம் எடுக்கும்போது மட்டும் துணியை விலக்குவார். அவருடையது இடையூறின்றி இயங்கியது. விலையினும் வழக்கம் பெரிது என்பதை அன்று நேரில் கண்டேன்.

ஆகவே, இன்று காமிரா வாங்கும் ஒருவர் ஆராய வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். தூசிக்கும் நீருக்கும் எதிரான காப்பை அளக்க உலகப் பொதுவான ஐ.பி. என்ற எண்முறை இருக்கிறது. அதன் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாம் இலக்கம் நீருக்கு. 2022இல் வெளிவந்த ஓ.எம்-1 என்ற காமிராவுக்கு ஐ.பி. 53 என்ற அளவு தரப்பட்டது. தூசி இயக்கத்தைக் கெடுக்காது, தூறல் உட்புகாது என்பது அதன் பொருள். "காப்புடையது" என்ற வெறுஞ்சொல்லைக் காட்டிலும் எண் நம்பத்தக்கது. காமிராவுக்கு மட்டும் காப்பு இருந்து வில்லைக்கு இல்லையெனில், கதவைப் பூட்டிச் சாளரத்தைத் திறந்துவைத்தது போலாகும். இயலுமாயின் வில்லையை மாற்ற வேண்டாதபடி இரண்டு காமிராக்கள் கொள்க; இரண்டாவது பழையதாயினும் கேடில்லை. எடையையும் எண்ணுக; காட்டு நிலையங்களுக்குச் செல்லும் சிறு விமானங்களில் ஒருவருக்குப் பெரும்பாலும் 15 கிலோ சுமையே இடந்தருவர். சுமையாளரின் தலை இன்று நமக்குக் கிடையாது, கிடைக்கவும் வேண்டா. வண்டிக்குள் முக்காலி பயன்படாது. பயறு நிரப்பிய சிறு துணிப்பையைக் கூரை விளிம்பில் வைத்து அதன்மேல் வில்லையைத் தாங்குவது மேல். பையை வெறுமையாகக் கொண்டுசென்று அங்கே பயறு வாங்கி நிரப்பலாம். திரும்பும்போது அதனை உணவாகவும் கொடுத்துவிடலாம். புழுதிக்கு அஞ்சிப் பிளாஸ்டிக் பைகளை எடுத்துச் செல்லலாகாது. கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் அவற்றைத் தடை செய்தன. ஒரு பருத்தித் துண்டு போதும். யாவற்றுக்கும் மேலாக, புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வாங்கி, கண்ணை மூடிக்கொண்டும் விசைகளைத் தொட்டறியுமளவு பழகுக.

உழைப்பு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. கருவி உழைத்தால் போதாது. படமும் நிலைக்க வேண்டும். 1935இல் வந்த கோடாக்ரோம் வண்ணச் சுருளின் உற்பத்தி 2009இல் நிறுத்தப்பட்டது. அதில் எடுத்த படங்களோ, இருளில் வைத்துக் காக்கப்பட்டவை, இன்றும் நிறம் மங்காதிருக்கின்றன. நம் எண்முறைப் படங்கள் எழுபது ஆண்டு இருக்க வேண்டுமானால், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் படியெடுத்து வைப்பதும், எடுத்த இடத்தையும் நாளையும் குறிப்பதும், காலந்தோறும் புதிய கருவிக்கு மாற்றுவதும் நம் பொறுப்பு.

இப்பொறுப்பு அழகுக்காக மட்டும் அன்று. 1950களின் இறுதியில் பெர்ன்ஹார்டு கிரிமெக் என்ற ஜெர்மானிய அறிஞரும் அவர் மகன் மைக்கேலும் சிறு விமானத்தில் பறந்து செரெங்கெட்டி விலங்குகளைக் கணக்கிட்டனர். மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவை என்று கண்டனர். 1959 ஜனவரியில் விமானம் ஒரு கழுகின்மீது மோதி விழுந்தது, மைக்கேல் இறந்தார். அவர்கள் எடுத்த "செரெங்கெட்டி சாகலாகாது" என்ற படம் உலகத்தின் மனத்தை அச்சமவெளிப் பக்கம் திருப்பியது. 1977இல் கென்யா வேட்டையைச் சட்டத்தால் தடுத்தது. எந்த நிலத்தில் எந்த விலங்கு எத்தனை ஆண்டுகளுக்குமுன் வாழ்ந்தது என்பதற்குப் பல வேளைகளில் பழைய படமே சான்றாக நிற்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் ஆப்பிரிக்காவுக்குச் செல்லலாம். பலர் முதுமலைக்கோ வேடந்தாங்கலுக்கோ செல்வீர்கள். எங்குச் சென்றாலும், கருவியில் முதலில் கெடுவது எது என்று முன்னரே கேட்டு அறியுங்கள். விலங்கைச் சீண்டாமல், அதன் வழியை மறிக்காமல், எட்டி நின்று எடுங்கள். எடுத்த படத்தின் பின்னே நாளும் இடமும் எழுதுங்கள். உங்களுக்கு வழி காட்டியவரின் பெயரையும் அங்கே எழுதுங்கள்.